சம்பந்தி ஏறினா நான் எறங்குவேன்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இந்தப் பையைக் காலுக்கடியில வச்சுக்கறேன். பயப்படாதீங்க, ஒழுகாது. சீல் ஒடைக்காத டப்பா, ஒரு லிட்டர் இஞ்சின் ஆயிலு.

நான் திருவாரூர் போறனுங்க. நீங்க? தஞ்சாவூரா? அப்பச் சரி, தஞ்சாவூர் வரைக்கும் பேச்சுத்தொணை கெடைச்சாச்சு. பின்னால ஜன்னலோரம் எடம் காலியாத்தான் கெடக்குது. ஆனா நீங்க போன்ல பச்சையும் செவப்புமா கோடு பாத்துக்கிட்டிருந்தீங்க பாருங்க, அதைப் பாத்துட்டுத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். ஷேருதானுங்களே? அட, எதுக்கு மறைக்கறீங்க, நான் புத்தி சொல்ற ஆளில்லை. என்ன வச்சிருக்கீங்க, பேங்க்கா? நல்லதுங்க. உங்களைக் கேக்கறதுக்கு எங்கிட்ட ஒரு கேள்வி இருக்குது. நாலு பேருகிட்டக் கேட்டுட்டேன், ஒருத்தனும் ஒழுங்காப் பதில் சொல்லலை. ஆனா கதை தெரியாமப் பதில் சொன்னா தப்பாப் போயிரும். அதனால மொதல்ல கதை.

எனக்கு நாமக்கல்லுங்க. பேரு நாச்சிமுத்து. பரமத்தி ரோட்டுல லாரிப் பட்டறைகளுக்கு நடுவால நம்ம ஆயில் கடை. இஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரீஸ், எல்லாம் உண்டு. ஆரம்பத்துலருந்து ஒரே கம்பெனி சரக்குதான் விக்கறேன். கம்பெனி பேரு எதுக்கு, டப்பாக் கம்பெனின்னே வச்சுக்குவோம். நம்ம கடையில ஆயில் வாங்கி ஊத்துன லாரி நடுவழியில நின்னுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தன் வந்து சொன்னதில்லை. டிரைவரு தூங்கிப்போட்டு நின்னிருக்கும், அது நம்ம பொறுப்பு இல்லீங்க.

எனக்கு ஒரே புள்ளை. வினோதினி. அவ பொறந்த வருசந்தான் டப்பாக் கம்பெனிக்காரங்க ஷேர் வெளியில வித்தாங்க. கம்பெனி ஏஜெண்டு வந்து, "நீங்களும் போடுங்கண்ணா"ன்னாரு. ஊர்ல பொட்டப்புள்ளை பொறந்தா நகைச்சீட்டுக் கட்டுறாங்க, நாம நம்ம சரக்கு மேலயே கட்டிப்போடுவோம்னு போட்டேன். அப்புறம் தீவாளிக்குத் தீவாளி கொஞ்சங்கொஞ்சமா அதையே வாங்குனேன். "இது புள்ளை கண்ணாலத்துக்கு, நடுவுல எவன் வந்து கேட்டாலும் தொடமாட்டேன்"னு வூட்ல சொல்லிப்போட்டேன். எம் பொண்டாட்டி சாந்தாமணி அப்பவே கேட்டா, "ஏனுங்க, கழுத்துல போட முடியாத சாமானை எதுக்குங்க வாங்கறீங்க?"

"லாரி ஓடற வரைக்கும் இது ஏறும்டி"ன்னேன். லாரி ஓடுச்சு, அதும் ஏறுச்சு. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. தெனமும் பாக்கற வியாதியெல்லாம் வினு எம் போன்ல அந்த ஆப்பைப் போட்டுக் குடுத்தப்புறம் வந்ததுங்க.

வினு படிச்சு மெட்ராசுல கம்ப்யூட்டர் கம்பெனில சேந்தா. கொரோனா வந்துச்சு பாருங்க, எல்லாரையும் வூட்லருந்தே வேலை செய்யுங்கன்னு அனுப்பிட்டாங்க. வந்தவ வந்தவதான், மாடி ரூம்ல உக்காந்தே சம்பாதிச்சா. கொரோனா போயும் கம்பெனி கூப்புடலை. எனக்கு அந்தக் கம்பெனி மேல நல்ல மரியாதைங்க. பொழுதோட வேலை முடிஞ்சதும் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுக் கடைக்கு வந்துருவா. எங்கிட்டக் கார் இருக்குது. இருந்தாலும் அதைக் கடையிலயே உட்டுட்டு அவ பின்னால உக்காந்துதான் வூட்டுக்குப் போவேன். கார்ல போனா காத்து வராதுங்க, அதுக்குத்தான்.

ஒரு நாள் அப்படிப் போகும்போதே ஒரு பையனைப் பத்திச் சொன்னா. எழிலரசன். கூட வேலை பாத்த பையன், சொந்த ஊரு திருவாரூரு, அவனும் வூட்லருந்தே வேலை. ஸ்கூட்டர்ல பின்னால உக்காந்தவன் கோவிச்சுக்கிட்டு எங்க போறது? வூடு வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தேன்.

வேற சாதிங்க. அது ஒரு மாசம் ஓடுச்சு. எம் மச்சான் வூட்டுப் பக்கமே வரமாட்டேன்னாரு. அப்புறம் அவரு பொண்ணே அதே மாதிரி ஒண்ணைச் சொன்னதும் மொத ஆளா வந்து காப்பி குடிச்சுட்டுப் போனாரு. சாதிப் பேச்சு ஒரு மாசத்துல அடங்கிருச்சு தம்பி. ஷேருப் பேச்சுதான் ஒன்றரை வருசம் இழுத்துச்சு.

ஏன்னு கேளுங்க. பையனோட அப்பா கலியபெருமாள் இருக்காரே, அவரு கெணறு தோண்டிக் கச்சா எண்ணெய் எடுக்கற கம்பெனில வேலை பாத்து ரிட்டயரானவரு. ரிக்குல நின்னு, எண்ணெய்ல குளிச்சு எந்திரிச்ச மனுசன். எங்க பக்கம் போர் போடற ரிக்கு தெருவுக்குத் தெரு நிக்குது, ஒண்ணுலயும் தண்ணிகூட ஒழுங்கா வர்றதில்லை. இவரு எண்ணெயே எடுத்திருக்காரு. அவரும் என்னை மாதிரியேதான், வேற எதையும் நம்பாம தன் கம்பெனி ஷேராவே வாங்கி வச்சிருக்காரு. அதைக் கெணத்துக் கம்பெனின்னு வச்சுக்குங்க. இது தெரிஞ்சதும் எனக்கு ஒரே சந்தோசம். நானும் எண்ணெய், அவரும் எண்ணெய். சாதி வேறயானா என்ன, எண்ணெய் ஒண்ணுதானேன்னு மச்சான்கிட்டச் சொன்னேன்.

பொண்ணு பாக்க வந்தாங்க. அவரு, அவரு சம்சாரம் தையல்நாயகி, பையன், மூணு பேருதான். நம்மூட்டு டிவில செய்தி ஓடிக்கிட்டிருந்துச்சு. எங்கயோ சண்டை, கச்சா எண்ணெய் வெலை ராத்திரியோட ராத்திரியா எகிறிருச்சுன்னு அந்தப் பொண்ணு மூச்சுவிடாமச் சொல்றா. நான் எந்திரிச்சே நின்னுட்டேன். "சாந்தா, கேசரி பத்தாது, மைசூர்பாகும் எடு"ன்னேன். அவருக்கும் மொகமெல்லாம் பல்லு. "சம்பந்தி, நமக்கு நல்ல சகுனம்"னு எங்கையைப் புடிச்சுக்கிட்டாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போனை எடுத்தோம்.

அவரு போன்ல பச்சை. எம் போன்ல செவப்புங்க.

போன் கெட்டுப்போச்சுன்னு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன். இன்னும் செவப்பு. "கண்ணு, இந்த ஆப்பு சரியில்லை, பாரு"ன்னு பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாலயே அவளைக் கூப்புட்டேன். பட்டுச்சேலையோட வந்து பாத்துட்டு, "சரியாத்தாம்ப்பா இருக்கு"ன்னா.

கலியபெருமாள் கேசரித் தட்டைக் கையில எடுத்துக்கிட்டாரு. "செத்த இருங்க சம்பந்தி, நான் சொல்றேன். இந்த ரவை வெலை ஏறினா ரவை யாவாரிக்குக் கொண்டாட்டம். கேசரி போட்டு விக்கிறவனுக்கு?"

"திண்டாட்டம்."

"நாங்க பூமிலேர்ந்து எடுக்கறது ரவை. உங்க கம்பெனி டப்பால அடைச்சு விக்கிறது கேசரி."

அவ்வளவுதாங்க. தட்டைக் காலி பண்ணிட்டுக் கீழ வச்சாரு. சரக்கு வெலை ஏறினா டப்பா வெலையை ஒடனே ஏத்த முடியாது, ஏத்தினா லாரிக்காரன் அடுத்த கடைக்குப் போயிருவான். இது எனக்குத் தெரியாதா? தெனமும் இதைத்தானே நான் பட்டறைக்காரங்ககிட்டப் பொலம்பறேன். ஆனா அந்தப் பொலம்பலுக்கும் ஷேருக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு இத்தனை வருசமா எவனும் சொல்லலையே.

அன்னிக்குத் தேதி பேசறதாத்தான் இருந்துச்சு. நான் சொன்னேன், "கொஞ்சம் பொறுப்போமுங்க. எறங்குன வெலைக்கு வித்துப்போட்டுக் கண்ணாலம் பண்ணா நல்லா இருக்காது." அவருக்கென்ன, ஏறுன மொகம். "தாராளமா பொறுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. மாடிப்படியில வினு நின்னுக்கிட்டிருந்தா. எம் மொகத்தைப் பாத்துட்டு மேல போயிட்டா.

அதுக்கப்புறம் நடந்த கூத்தை எப்படிச் சொல்றது. அவரு ஏறினா நான் எறங்குவேன். நான் ஏறினா அவரு எறங்குவாரு. ரெண்டு பேரும் சேந்து சிரிச்ச நாளே கெடையாது. போனை எடுத்து "என்ன சம்பந்தி, காப்பி ஆச்சா?"ன்னு இழுத்துக் கேட்டாருன்னா கச்சா ஏறியிருக்குதுன்னு அர்த்தம். வெறும் "சொல்லுங்க"ன்னா எறங்கியிருக்குது. எங்க வூட்லயும் அதே கதைதான். சாந்தாமணி டிவியே பாக்கமாட்டா. நான் மோர் கேக்கற தோரணையை வச்சே உலகத்துல எங்க சண்டை, எங்க சமாதானம்னு சொல்லிப்போடுவா. "இன்னிக்கு ரசத்துல உப்பில்லைங்கறீங்க, எந்த ஊர்ல குண்டு போட்டாங்க?"ம்பா.

மூணு தடவை தேதி பேசப் போய் மூணு தடவையும் நின்னு போச்சு. ஒரு தடவை அவங்க ஊருக்குப் போயிருந்தோம். கடலுக்கு நடுவுல ஏதோ கப்பலை மறிச்சுப்போட்டாங்கன்னு அன்னிக்குன்னு பாத்துக் கச்சா ஏறிருச்சு. அவரு எனக்கு எலையில வடை வச்சுக்கிட்டே இருக்காரு. பாவப்பட்டு வைக்கற வடைங்க அது. தொண்டையில எறங்குமா? "அடுத்த மாசம் பேசுவோம்"னு எந்திரிச்சுட்டேன்.

அப்புறம் ஒரு காலம் வந்துச்சு. கச்சா எறங்குச்சு பாருங்க, எறங்குச்சு, எறங்குச்சு, கேக்க நாதியில்லை. எந்தத் தேசத்துக்காரனோ கொழாயைத் தொறந்து உட்டுட்டானாம். டப்பாக் கம்பெனி ஷேரு ராக்கெட்டுங்க. இத்தனை வருசத்துல அந்த வெலையை நான் பாத்ததே இல்லை. கடைக்கு வர்ற டிரைவருக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தேன். கலியபெருமாளு சோந்துபோயிட்டாரு. இருந்தும் அவரேதான் போன் பண்ணுனாரு. "சம்பந்தி, நான் எறங்கினது எறங்கிட்டுப் போவுது. நீங்கதான் ஏறிட்டீங்களே. தேதியைச் சொல்லுங்க, வந்துடறோம்."

நல்ல மனுசன். ஆனா யாவாரம் தெரியாது. ஏறிக்கிட்டிருக்கற சரக்கை எவனாவது விப்பானா? "இன்னும் கொஞ்சம் போகட்டுமுங்க"ன்னேன். அவரு, "சம்பந்தி, நீங்க சாப்புட்டீங்களா?"ன்னு மெதுவாக் கேட்டுட்டு வச்சுட்டாரு. ஷேரைப் பத்திப் பேசும்போது சோத்தைப் பத்தி எதுக்குக் கேட்டாருன்னு தெரியலை.

அந்த ஞாயித்துக்கெழமை வினு ஸ்கூட்டருக்கு ஆயில் மாத்திக்கிட்டிருந்தேன். அவ வண்டியை மெக்கானிக்குகிட்டக் குடுத்ததே இல்லீங்க. போர்ட்டிகோவுல நிறுத்தி, அடியில தட்டை வச்சு, போல்ட்டைக் கழட்டுனா பழைய ஆயில் கருப்பா எறங்கும். அவ சின்னதுலருந்தே பக்கத்துல பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்குவா. அன்னிக்கும் உக்காந்தா.

"அப்பா, உங்க ஷேர் இப்ப எங்க இருக்குது?"

"உச்சியில கண்ணு."

"அப்ப வித்துட்டுத் தேதி குறிக்கலாமில்ல?"

"ஏறிக்கிட்டிருக்கறதை எவனாச்சும் விப்பானா?"

"போன வருசம் எறங்குச்சே, அப்ப?"

"எறங்குனதை எவனாச்சும் விப்பானா?"

ஆயில் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. "அப்ப எப்பத்தாம்ப்பா விப்பீங்க?"ன்னா.

நிமுந்து பாக்கறேன், சிரிக்கறா, ஆனா கண்ணு நெறையத் தண்ணி. பழைய ஆயிலுக்கு ஒரு வாடை உண்டுங்க, கண்ணைக் கரிச்சிருச்சு போல. "தள்ளி உக்காரு சாமி"ன்னேன். அவ தள்ளலை. கிட்ட வந்து எந்தோள்ல சாஞ்சுக்கிட்டா. எஞ்சட்டையெல்லாம் ஆயிலு, அவ போட்டிருக்கறது நல்ல சுடிதாரு. "அழுக்காயிரும் புள்ளை"ன்னா, "ஆவட்டும்ப்பா"ங்கறா. அன்னிக்கு அந்த போல்ட்டைத் திருப்பி மாட்டறதுக்கு எனக்கு நெம்ப நேரமாச்சு. மரை தேஞ்சு போச்சுன்னு நெனைக்கறேன்.

அதுக்கப்புறந்தான் எனக்கு அந்த ரோசனை வந்துச்சு. எனக்குத்தான் வந்துச்சு, நல்லாக் கேட்டுக்குங்க. சாந்தாமணியும் தையல்நாயகியம்மாவும் ஒரு வாரமா போன்ல குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தாங்க, அது வாஸ்தவம். ஒரு நாள் சோறு போடும்போது சாந்தாமணி சொன்னா, "ஏனுங்க, எதுக்கு விக்கோணும்? நீங்க பாதியைப் புள்ளை பேருல எழுதுங்க, அவரு பாதியைப் பையன் பேருல எழுதட்டும். ஒண்ணு எறங்கினா ஒண்ணு ஏறும். அதுக ரெண்டும் எப்பவும் ஒரே மட்டத்துல நிக்கும். கண்ணாலச் செலவுக்குக் கடை வருமானம் போதாதா?" இப்படி அவ சொன்னா. நான் சரின்னேன். சரின்னது யாரு? நான்தானுங்களே. நான் சரிங்கலைன்னா அது வெறும் பேச்சு. ஆனா கலியபெருமாளு இன்னிக்கும் வர்றவன் போறவன்கிட்டயெல்லாம், "எங்க சம்பந்தியம்மா மூளையே மூளை"ங்கறாரு. நான் சண்டைக்குப் போறதில்லை.

நிச்சயம் எங்க வூட்லயே நடந்துச்சு. எங்க பக்கம் உப்புச்சக்கரை மாத்தற வழக்கம், அவங்க பக்கம் தட்டு மாத்தற வழக்கம். ரெண்டும் வச்சோம். தேங்காய், பழம், வெத்தலை, சேலை எல்லாம் வச்சாச்சு. எழுதிக் குடுக்கற ஷேரு கம்ப்யூட்டருக்குள்ள இருக்குது, அதை எங்க கொண்டு போய்த் தட்டுல வைக்கறது? எனக்கு மனசு கேக்கலை. கடைக்கு ஓடி, ஒரு லிட்டர் டப்பாவைத் தொடைச்சு, மஞ்சக் குங்குமம் வச்சு, வாழப்பழத்துக்குப் பக்கத்துல நிறுத்திட்டேன். எம் மச்சான் தலையில அடிச்சுக்கிட்டாரு. எதுத்தாப்புல பாத்தா, கலியபெருமாள் ஜிப்பாப் பையிலருந்து விரல் ஒசரத்துல ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்து அவங்க தட்டுல வைக்கறாரு. உள்ள கருகருன்னு கச்சா எண்ணெய். அவரு நின்னு தோண்டுன கெணத்துல மொதமொத வந்ததாம், சர்வீசு பூரா பூசை ரூம்ல வச்சிருந்தாராம். நாங்க ரெண்டு பேரும் சொல்லி வச்சுச் செய்யலீங்க. ரெண்டு தட்டையும் பாத்துட்டுப் பந்தலே சிரிச்சுச்சு. பொம்பளைங்க சிரிச்சு சிரிச்சுக் கண்ணைத் தொடைக்கறாங்க.

தட்டு மாத்தினோம். தட்டு கைமாறியும் அவரு எங்கையை உடலை. காதுகிட்டக் குனிஞ்சு சொன்னாரு, "சம்பந்தி, எங்க வீட்டு கேட்டுக்கு நாங்க தாப்பா போடறதே இல்ல." நான் "ஏனுங்க, அங்க திருட்டுப் பயம் இல்லைங்களா?"ன்னேன். அவரு எங்கையைத் தட்டிக் குடுத்தாரு.

கண்ணாலம் நல்லா நடந்துச்சு. புள்ளையை மாப்பிள்ளை வூட்டுக்குத் தாட்டி உடும்போது நான் அழுதுட்டேன். மறைக்கறதுக்கு என்ன இருக்குது, மண்டபத்து வாசல்ல நின்னு சின்னப் பையனாட்டம் அழுதேன். அன்னிக்கு ஞாயித்துக்கெழமை, மார்க்கெட்டு லீவு. ஷேரு மேல பழி போடவும் வழியில்லை.

இப்ப அவ திருவாரூர்ல அவங்க வூட்டு மாடியில உக்காந்து வேலை பாக்கறா. ஸ்கூட்டரை எனக்கே உட்டுட்டுப் போயிட்டா. கடைக்கு அதுல போறதில்லை, ஓட்டறதுக்கு ஆளில்லை. வாரத்துக்கொருக்கா ஸ்டார்ட் மட்டும் பண்ணி நிறுத்தறேன். மாப்பிள்ளை அவளுக்கு அங்க புது வண்டி வாங்கிக் குடுத்திருக்கறதாச் சொன்னா. கேட்டதும் ஒரு லிட்டர் டப்பாவை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். புது வண்டிக்கு மொத ஆயிலைச் சீக்கிரம் மாத்தோணும், அது முக்கியமுங்க. போய் வண்டிக்கு அடியில படுத்துப் பாக்கறேன், போல்ட்டைக் காணோம். ரெண்டு சுத்து சுத்தி வந்தேன். எழிலரசன் தயங்கித் தயங்கிச் சொல்றான், "மாமா, இது பேட்டரி வண்டி. இதுக்கு ஆயிலே கெடையாது."

ஆயிலே கெடையாதாம்! ஒரு வண்டி, அதுக்கு ஆயில் கெடையாதாம். நான் டப்பாவைக் கையில புடிச்சுக்கிட்டு அங்கயே நின்னேன் தம்பி. எதுக்கு வந்தோம், இனிமே எதுக்கு வர்றதுன்னு ஒண்ணும் ஓடலை. டப்பாக் கம்பெனி கதி என்னாகும்னு கவலை. வேற ஒண்ணுமில்லை.

அப்பத்தான் வினு வாசல்லருந்து கூப்புட்டா. "அப்பா, இந்தக் கேட்டு தொறந்தா மூடுனா கிறீச்சு கிறீச்சுங்குது. அதுக்கு ஊத்துங்களேன்." பெரிய இரும்புக் கேட்டு, மூணு கீலு. பஞ்சை நனைச்சு மூணுக்கும் நல்லாப் போட்டேன். சத்தம் கப்புனு நின்னுச்சு. அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு நல்லா எறங்குச்சுங்க.

இப்பத்தான் நான் கேக்க வந்த கேள்வி வருது. டப்பா ஆயில்னா என்ன? லாரி இஞ்சினுக்குள்ள வெந்து வெந்து நிக்கற ஆயில். அதை ஒரு கேட்டோட கீலுக்குப் போட்டா வருசக்கணக்குல சத்தம் வரக்கூடாது. ஆனா ஒரு மாசத்துல போன் வருது, "அப்பா, மறுபடியும் கிறீச்சுங்குதுப்பா"ன்னு. போய்ப் போட்டுட்டு வந்தேன். அடுத்த மாசம் மறுபடியும். போன தடவை போனப்ப நானே கீலைத் தொட்டுப் பாத்தேன். வறட்டு இரும்பு. ஒரு சொட்டு பசை இல்லை. புதுசா வாங்குன கீலு மாதிரி இருக்குது.

சொல்லாம கொள்ளாமச் சீக்கிரமே போயிட்டேன் அன்னிக்கு. கலியபெருமாளு கேட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தாரு. கையில துணி, துணியில மண்ணெண்ணெய் வாடை. என்னைப் பாத்ததும் துணியை முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டாரு. "என்னங்க சம்பந்தி"ன்னேன். "சும்மா துரு தொடைச்சேன்"னாரு. வினு உள்ளருந்து ஓடி வந்து, "மாமா, நீங்க உள்ள போங்க, நீங்க உள்ள போங்க"ன்னு தள்ளிக்கிட்டுப் போனா. பாவம், ரிட்டயரான மனுசன், கை சும்மா இருக்காதுங்க. நம்ம ஆயில் போட்ட எடத்துல துரு எங்கிருந்து வரும்? அப்படியே துரு வருதுன்னா அது எங்க கம்பெனிக்கு இன்னும் கேவலம் இல்லீங்களா?

அதனாலதான் கேக்கறேன். நீங்க படிச்சவரு, நாலு கம்பெனி பாத்தவரு. டப்பாக் கம்பெனிக்காரன் சரக்குல தரத்தைக் கொறைச்சுப்போட்டானா? லாரிக்காரங்க ஒருத்தரும் கொறை சொல்லலை, அதுதான் எனக்குப் புரியவே இல்லை. புள்ளைக்குக் குடுத்தது போக பாதி இன்னும் எம் பேருலதான் கெடக்குது. வச்சுக்கலாமா, வித்துப்போடலாமா?

ஏந்தம்பி சிரிக்கறீங்க? இல்லை, சிரிக்கறீங்க. இந்தா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. தூசியா? ஜன்னலைச் சாத்துங்க அப்ப.

விக்காதீங்கங்கறீங்களா? அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க. ஆயில் நல்ல ஆயிலுதானா? தொட்டுக்கூடப் பாக்காம எப்படிச் சொல்றீங்க? சரி, சரி, உங்க வார்த்தையை நம்பி வச்சுக்கறேன். எறங்கிச்சுன்னா உங்களைத் தேடிக்கிட்டுத் தஞ்சாவூருக்கு வருவேன்.

ஒரு நிமிசமுங்க, போனு. புள்ளைதான்.

"சொல்லு கண்ணு. ஆமா, பஸ்ஸுலதான். வல்லம் தாண்டிருச்சு. டப்பா இருக்குது, டப்பா இருக்குது. என்னது? நேத்துலருந்தேவா? அதென்ன இப்பெல்லாம் இவ்வளவு சீக்கிரம்? சரி சாமி, அழுகாதே, கேட்டுக்கு எதுக்கு அழுகறே? நான் வந்துக்கிட்டேதான் இருக்கேன்."

பாத்தீங்களா தம்பி? ஆரம்பத்துல போட்டது ஒரு மாசம் தாங்குச்சு. இந்தத் தடவை மூணு வாரங்கூடத் தாங்கலை.